கொடுத்துக் கெடுக்கும் நெகுசார்

கழுதை ஆட்டம் ஆடியவர்களுக்கு மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்தில் நெகுசார் டெக் என்னும் கார்டுக்கட்டின் அழகைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. கழுதையில், இறக்கிய இனம் கையில் இல்லாதவர் வேறு இனத்தால் வெட்டினால், பெரிய சீட்டுப் போட்டவர் கிடப்பதை எல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும். கை நிறைய நிறைய முகம் சுருங்கும். கடைசியில் சீட்டோடு நிற்பவர் கழுதை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்கு வரும் நாளில் கிள்ளை வீடுகள் உறவினரால் நிரம்பிவிடும். அப்போது திண்ணையில் நான்கு பேர் கூடினால் சீட்டுக்கட்டு தானாக வந்துவிடும். கையில் இருப்பதே சுமை என்பதை நாம் படித்தது அங்கேதான்.

மேஜிக்: தி கேதரிங் இதற்கு நேர்மாறானது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித அறிஞர் உருவாக்கி 1993இல் வெளிவந்த ஆட்டம் அது. அங்கே கார்டுதான் செல்வம். ஒரு கார்டு அதிகமாக எடுக்க வழி கிடைத்தால் எந்த ஆட்டக்காரரும் கை நீட்டுவார். அந்த ஆசையையே அடியாக மாற்றியதுதான் 2013இல் கமாண்டர் வரிசையில் வந்த நெகுசார் என்ற கார்டு. ஒவ்வொருவரும் தம் முறையில் ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம். ஆனால் எதிராளி எடுக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் அடி.

கமாண்டர் வகையில் டெக்குக்கு நூறு கார்டு. மானா என்னும் ஆற்றலைத் தரும் அடிப்படை லேண்டுகளைத் தவிர எதற்கும் இரண்டாவது பிரதி கூடாது. தொடக்கத்தில் ஆளுக்கு நாற்பது உயிர், பெரும்பாலும் நான்கு பேர். மூன்று எதிராளிகளிடமும் சேர்த்து நூற்றிருபது உயிரைக் கரைக்க வேண்டும். ஓரடி ஓரடியாக அது எப்படி நடக்கும்? டெக் கட்டும் கலை இங்கே தொடங்குகிறது.

ஒற்றைப் பிரதி விதி இருப்பதால், ஒரே கருத்தை வெவ்வேறு கார்டுகளால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெகுசார் மேசையில் இல்லாத வேளையில் அதே அடியை அண்டர்வேர்ல்ட் ட்ரீம்ஸ் அடிக்கும். அது 1994இன் லெஜண்ட்ஸ் தொகுப்பில் வந்த பழைய கார்டு. எல்லோருக்கும் கூடுதல் கார்டு வாரி வழங்க முதல் பதிப்பிலேயே இருந்த ஹவுலிங் மைன். கையில் உள்ளதைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் ஏழு எடுக்கச் சொல்லும் வீல் ஆஃப் ஃபார்ச்சூன். இனி மறுபதிப்பு இல்லை என்பதால் அதன் விலை கையைச் சுடும். அந்த வேலையை விண்ட்ஃபால், ரீஃபோர்ஜ் தி சோல் போன்றவை குறைந்த செலவில் செய்துவிடும். கீழே போடும் ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு அடி தரும் மெக்ரிமும் சேர்ந்தால், போட்டாலும் அடி, எடுத்தாலும் அடி.

கணக்கைப் பாருங்கள். நெகுசாரும் அண்டர்வேர்ல்ட் ட்ரீம்ஸும் மேசையில் இருக்கின்றன. ஒரு வீல் சுழல்கிறது. ஏழு கார்டு, கார்டுக்கு இரண்டு வீதம் ஆளுக்குப் பதினான்கு. மூவருக்கும் நாற்பத்திரண்டு, அதுவும் ஒரே வீச்சில்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த வீச்சு அல்ல, டெஃபெரிஸ் பசில் பாக்ஸ். முறை வந்தவர் கையில் உள்ள கார்டுகளைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு அத்தனையையே புதிதாக எடுக்க வேண்டும். எதிராளி கையில் ஐந்து என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஒன்றை எடுத்து ஆறாகிறார். இப்போது நெகுசாரும் பெட்டியும் காத்திருக்கின்றன. இரண்டும் என்னுடையவை என்பதால் வரிசையை நானே தீர்மானிக்கலாம். பெட்டி முந்தினால் ஆறு, பிறகு நெகுசாரின் ஒன்று. மொத்தம் எட்டு அடி. நெகுசார் முந்தினால் கை ஏழாகும், பெட்டி ஏழையும் மாற்றும், மொத்தம் ஒன்பது. அந்த ஓர் அடிக்காக வரிசையைச் சரியாகச் சொல்லும் தருணம் எனக்குத் தனி இன்பம்.

இதனால் மேசையின் நடத்தையே மாறும். பதுக்கிவைத்து ஆடுபவர்கள் அவசர அவசரமாகக் கையைக் காலி செய்வார்கள். எதிராளியின் ஆயுதத்தைத் தடுக்க ஒதுக்கியிருந்த கார்டுகூட அடிக்குப் பயந்து வீணாக இறங்கும். தண்டனை ஓர் ஆட்டக்காரரின் பழக்கத்தையே மாற்றுகிறது என்றால், கட்டியவர் கைதேர்ந்தவர்தான்.

எதிராளியைக் கட்டிப்போடும் டெக்குகளும் உண்டு. ஸ்டேசிஸ், விண்டர் ஆர்ப் போன்ற பழைய கார்டுகள் மேசையையே உறையவைத்துவிடும். அவற்றின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் முறைக்கு முறை ஒன்றும் செய்ய முடியாமல் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதில் எனக்கு ரசனை இல்லை. நெகுசாரிடம் அடிவாங்குபவர் கையில் எப்போதும் கார்டு இருக்கிறது, வழியும் இருக்கிறது. அந்த வழியில் அவர் முந்திக்கொண்டு ஜெயிப்பதும் அடிக்கடி நடக்கும். நாம் கொடுத்த கார்டாலேயே நம்மை வீழ்த்துவார்.

கொடுப்பவர் மீதுதான் மூவரும் பாய்வார்கள். அதைத் தாங்கவும் இதே பாணியில் ஒரு கார்டு வேண்டும். ப்ராபகாண்டா அதற்குப் பொருத்தம்: தாக்க வரும் ஒவ்வொரு உயிரினத்துக்கும் இரண்டு மானா கட்டணம். வரலாம், ஆனால் விலை உண்டு.

நோஷன் தீஃபைச் சேர்க்கச் சொல்லி நண்பர்கள் விடாமல் கேட்பார்கள். எதிராளிகள் எடுக்க வேண்டிய கூடுதல் கார்டுகளை எல்லாம் அது நமக்குத் திருப்பிவிடும். அதோடு ஒரு வீல் சுழன்றால் இருபத்தெட்டும் நம் கைக்கு வரும், அவர்கள் வெறுங்கையோடு இருப்பார்கள். வெற்றி நிச்சயம் என்றே சொல்லலாம். ஆனால் எடுக்காதவரை நெகுசார் அடிப்பதில்லை. டெக்கின் கருத்தே அங்கே அறுந்துவிடுகிறது. அந்த இடத்தில் நான் வைப்பது ஸ்பைட்ஃபுல் விஷன்ஸ்: எல்லோருக்கும் ஒரு கார்டு கூடுதல், எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் எடுத்தவருக்கு ஓர் அடி, எனக்கும் சேர்த்து.