மறந்தவனாக நிற்பது
ஓசூர் மூக்கண்டப்பள்ளி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமத்துக்காரர்கள் பலர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இந்தத் தெருக்களில் தெருக்கூத்து என்று பேச்செடுத்தால் போதும், அவர்கள் முகம் மலர்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான், அதிலும் கர்ண மோட்சம் என்றால்.

மனைவி பொன்னுருவி தடுத்தும் கேளாமல் களத்துக்கு வந்த கர்ணனின் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைகிறது. பரசுராமர் இட்ட சாபம் பலிக்கிறது. வேண்டிய நேரத்தில் மந்திரம் நினைவுக்கு வரவில்லை. நல்ல நடிகர் இந்த இடத்தில் அழமாட்டார். உதடு அசையும், சொல் வராது. பார்க்கிற நமக்கு அடிவயிறு கலங்கும்.

விடிய விடிய, கிரீடமும் கட்டையும் சுமந்து, அத்தனை பாட்டையும் வசனத்தையும் ஏடு பார்க்காமல் சொன்னவர் அவர். ஒன்றையும் மறக்காத மனிதர்தான் மறந்தவனாக நிற்கிறார். எந்தக் கலையிலும் இதைவிடக் கடினமான வேலையை நான் பார்த்ததில்லை. அவருக்கே அடி தவறினால் பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுப்பார், ஆர்மோனியம் இழுத்துப் பிடிக்கும். கர்ணனுக்கு எடுத்துக்கொடுக்க அங்கே யாருமில்லை.

கிழக்கு வெளுக்கிற நேரம் அது. பாயில் தூங்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்புகிறார்கள்.