கருவியும் இலக்கும்: யோவான் காசியனின் ‘உரையாடல்கள்’ காட்டும் துறவொழுக்கம்

முன்னுரை

கிறித்தவ ஆன்மிக வாழ்வில் இடம்பெறும் நோன்பு, கண்விழிப்பு, தனிமை முதலியவற்றைத் தமிழில் ‘ஒறுத்தல்’ என்று குறிப்பதுண்டு. அடக்குதல், தண்டித்தல் ஆகிய இரு பொருளையும் தரும் இச்சொல், உடலைப் பகையாகக் கருதும் எண்ணத்திற்கு எளிதில் இடமளிக்கிறது. ‘அஸ்கேசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் அடிப்படைப் பொருளோ பயிற்சி என்பதே. இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தும் நூல், 5ஆம் நூற்றாண்டில் யோவான் காசியன் இலத்தீனில் எழுதிய ‘உரையாடல்கள்’ ஆகும்.

இலக்கும் பயனும்

எகிப்தியப் பாலைநிலத் துறவியரிடம் தாம் கேட்டவற்றைக் காசியன் பல்லாண்டுகளுக்குப் பின், கோல் நாட்டுத் துறவியர்க்காக 24 உரையாடல்களாக அமைத்தார். முதல் உரையாடலில் தந்தை மோசே இலக்கையும் இறுதிப் பயனையும் வேறுபடுத்துகிறார். உழவர்க்கு நிலத்தைக் களையின்றிப் பேணுதல் இலக்கு, விளைச்சல் பயன். அவ்வாறே துறவிக்கு உள்ளத்தூய்மை இலக்கு, இறையாட்சி பயன். நோன்பும் விழிப்பும் மறைநூல் ஓதலும் கருவிகளே. எனவே, நோன்பால் வரும் ஆதாயத்தினும் சினத்தால் வரும் இழப்பே பெரிது என்கிறார் மோசே.

அளவறிதல்

இரண்டாம் உரையாடல் ஏரோன் என்னும் முதிய துறவியின் வீழ்ச்சியைக் கூறுகிறது. 50 ஆண்டுகள் பாலைநிலத்தில் வாழ்ந்த அவர், உயிர்ப்புப் பெருவிழாவன்றும் உடன்துறவியரோடு உண்ண மறுத்தார். இறுதியில், தமக்குத் தீங்கு நேராது என நம்பிக் கிணற்றில் குதித்து மாண்டார். நோன்பின் மிகுதியும் உணவின் மிகுதியும் ஒரே கேட்டில் முடியும் என்பதே இதன் கருத்து. அளவை அறிய மூத்தோரிடம் உள்ளத்தைத் திறக்க வேண்டும் என்கிறது நூல்.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. அளவை வகுப்பவர் மூத்தோர் எனில், பயிற்சி அதிகாரத்தின் கருவியாகிவிடாதா? காசியன் இதனை அறியாதவரல்லர். தன் மனப்போராட்டத்தை வெளியிட்ட இளந்துறவியைக் கடிந்து நம்பிக்கையிழக்கச் செய்த முதியவர் ஒருவரின் கதையும் அதே உரையாடலில் உள்ளது. நரை மட்டும் தகுதியன்று. இளமைமுதல் ஒழுக்கத்தால் சிறந்தோரையே நாடவேண்டும் என்பது அவர் தரும் விடை. ஆனால், அத்தகையோரைத் தேர வேண்டியவர் தெளிவு இன்னும் கைவராத இளந்துறவியே ஆதலின், சிக்கல் முற்றிலும் தீரவில்லை.

முடிவுரை

கருவியை இலக்காகக் கொள்ளாமை காசியனின் நிலையான பங்களிப்பு. வழிகாட்டியைத் தேரும் அளவுகோல் அவர் முடிக்காமல் விட்ட வினா. அவர் கருத்துக்கு, ‘ஒறுத்தல்’ என்பதினும் ‘பயிற்சி’ என்பதே பொருந்தும் சொல்லாகும்.