துருப்பிடித்த தகட்டை மாற்ற வெல்டிங்கா, பசையா?

காரின் வெளித்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இருக்காது. துருப்பிடித்த பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் செய்தால், சூட்டில் அது நெளியும். துருவைத் தடுக்கத் தகட்டின்மேல் உள்ள துத்தநாகப் பூச்சு 420 டிகிரி செல்சியஸிலேயே உருகி, 907 டிகிரியில் ஆவியாகிவிடும். பூச்சு போன இடத்தில், அதுவும் கை எட்டாத உட்புறத்தில், துரு மறுபடி தொடங்கும்.

இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்சி பசைக்கு அந்தச் சூடு வேண்டாம்; இணைப்பு முழுக்கப் பரவி நீரையும் தடுக்கும். ஆனால் வெற்று இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தாக வேண்டும். கிளாம்ப் இறுகும்போது ஓரம் நெடுகப் பசை ஒரே சீராகப் பிதுங்கி வருவது, கைத்தேர்ச்சியைக் காட்டும் அழகான காட்சி.

உரித்து இழுக்கும் விசைதான் பசையின் பலவீனம். அந்த விசை அதிகம் வராத கதவின் வெளித்தகட்டுக்கும் கூரைக்கும் பசையே மேல். ஆனால் மோதலைத் தாங்கும் தூண், சேஸிஸ் பாகங்களில் பசையை மட்டும் நம்பக்கூடாது. அங்கே தயாரிப்பாளரின் கையேடு சொல்வதே முடிவு.