புதிய விளக்கும் பழைய விளக்கும்

அலாவுதீன் கதையில் வரும் மந்திரவாதி, பழைய விளக்கைத் தந்தால் புதிய விளக்குத் தருவதாகத் தெருவில் கூவிக்கொண்டு போகிறான். ஊரார் அவனைப் பைத்தியக்காரன் என்று சிரிக்கிறார்கள். பழைய விளக்கின் பெறுமதி அவனுக்கு மாத்திரமே தெரியும். ஹொலிவூட்டின் பெரிய கம்பனிகளைப் பார்க்கும்போது அந்த மந்திரவாதிதான் எனக்கு நினைவுக்கு வருகிறான்.

2019ஆம் ஆண்டில் உலக வசூலில் முதல் பத்து இடங்களைப் பிடித்த படங்களில் முற்றிலும் புதிய கதை என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் தொடர்ச்சிகள், மறுதயாரிப்புகள் அல்லது ஏற்கெனவே அறிமுகமான பாத்திரங்களின் கதைகள். டிஸ்னி நிறுவனம் தான் 1992இல் எடுத்த 'அலாவுதீ'னையும் 1994இல் எடுத்த 'சிங்க ராஜா'வையும் அந்த ஒரே ஆண்டில் மீண்டும் எடுத்து வெளியிட்டது. முன்னையது நூறு கோடி டொலரையும் பின்னையது நூற்று அறுபது கோடி டொலரையும் தாண்டி வசூலித்தன.

கம்பனிக்காரரிடம் கற்பனை வற்றிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது சரியான பதிலல்ல என்பது என் கருத்து. கற்பனை உள்ள எழுத்தாளருக்கு அங்கே பஞ்சமில்லை. இருபது, இருபத்தைந்து கோடி டொலர் செலவுக்கு ஒப்பமிடுகின்ற நிர்வாகி பங்குதாரருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர். புதிய கதை தோற்றால் அது அவருடைய துணிச்சலின் குற்றமாகிவிடும். தெரிந்த கதை தோற்றாலோ காலத்தின் மீதும் ரசனையின் மீதும் பழியைப் போடலாம். தெரிந்த பெயருக்கு விளம்பரமும் பாதி முடிந்த வேலை. சிறு வயதில் அதைப் பார்த்தவர்கள் இன்று பெற்றோராகித் தம் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்து வருவார்கள். படம் ஓடி முடிந்த பிறகும் பொம்மை, உடுப்பு, கேளிக்கைப் பூங்கா என்று வருமானம் நீளும்.

உரிமை என்பது இன்னொரு காரணம். அலாவுதீன் கதை எவருக்கும் சொந்தமில்லை. தமிழிலேயே 'அலாவுதீனும் அற்புத விளக்கும்' என்ற பெயரில் 1957இலும் 1979இலும் படங்கள் வந்தன. ஆனால் டிஸ்னியின் நீல நிற ஜின்னும் அந்தப் பாட்டுகளும் டிஸ்னியின் சொத்து. பொதுக் கிணற்றில் அள்ளிய தண்ணீரைப் போத்தலில் அடைத்து முத்திரை குத்தியாயிற்று. அந்தப் போத்தலை மறுபடியும் விற்பதற்கு வெளி எழுத்தாளர் எவரிடமும் கதையுரிமை வாங்க வேண்டியதில்லை.

அந்தக் கிணற்றில் முதலில் ஊற்றியவர் யார்? பிரெஞ்சில் ஆயிரத்தொரு இரவுகளை வெளியிட்ட அந்துவான் கலானுக்கு இந்தக் கதையை 1709இல் பாரிஸில் வாயால் சொன்னவர் ஹன்னா தியாப். ஹலப் நகரத்துக் கிறிஸ்தவ இளைஞர். கலானின் நூலில் அவருடைய பெயர் இல்லை. கலானின் நாட்குறிப்பும், பிற்காலத்தில் வத்திக்கான் நூலகத்தில் அடையாளம் காணப்பட்ட தியாபின் சொந்தப் பயணக் குறிப்புமே அவரை எமக்குக் காட்டித் தந்தன. கோடிகள் புரளும் ஒரு கதையைச் சொன்னவருக்குத் தன் பெயர் அச்சில் வரும் பாக்கியம்கூட இருக்கவில்லை.

எமது மரபிலும் மறுகூறல்தானே இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தொல்காப்பியர் முதல்நூலோடு வழிநூலையும் ஏற்று, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என அதை நான்காக வகுத்தார். 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய ஆயிர மசலாவும் பிறமொழியில் இருந்ததைத் தமிழுக்குக் கொணர்ந்த நூலே. 2013இல் மலையாளத்தில் வந்த 'திரிஷ்யம்' 2015இல் தமிழில் 'பாபநாசம்' ஆனபோது திருநெல்வேலிப் பேச்சு அதற்குள் புகுந்தது. 2017இல் அதே கதை சிங்களத்தில் 'தர்மயுத்தய' ஆயிற்று. இவை ஒரு மொழியாரின் கதையை இன்னொரு மொழியாரிடம் சேர்க்கின்றன. டிஸ்னியின் மறுதயாரிப்போ ஒரே மொழியில் ஒரே கதையை அதே வீட்டுக்கு இரண்டாந்தடவை விற்கிறது. 2019இன் 'சிங்க ராஜா' ஆரம்பக் காட்சியை ஏறக்குறைய அப்படியே பிரதி செய்தது. கையால் வரைந்த சிங்கத்தின் முகத்தில் தெரிந்த துயரம் கணினி செய்த 'நிஜ' சிங்கத்தின் முகத்தில் காணாமற்போயிற்று. 2011க்குப் பிறகு அந்த நிறுவனம் கையால் வரைந்த முழுநீளப் படம் எதையும் திரையரங்குக்குத் தரவில்லை. அந்தக் கலையைக் கைவிட்டவர்களே அதன் விளைச்சலை அறுவடை செய்கிறார்கள்.

மறுதயாரிப்பால் நன்மையே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். 1992 அலாவுதீனின் ஆரம்பப் பாட்டில் அராபியரை இழிவுபடுத்தும் வரி இருந்தது. அமெரிக்க அராபியரின் எதிர்ப்புக்குப் பிறகு 1993 வீடியோப் பிரதியில் அது மாற்றப்பட்டது. 2019 படத்தில் இளவரசி ஜஸ்மின் தானே ஆட்சிக்கு வருகிறாள். பழைய பிழையைத் திருத்துகின்ற மறுவாசிப்பை வரவேற்கலாம். ஆனால் ஒரு கம்பனி முப்பது வருடமாகத் தன் பிழையையே திருத்திக்கொண்டிருந்தால் புதிய கதை எழுதுகிறவன் எங்கே போவான்?

கணக்கும் எப்போதும் சரிவருவதில்லை. 2025இல் வந்த 'ஸ்னோ வைற்' தயாரிப்புச் செலவைக்கூட வசூலிக்கவில்லை. ஆனால் அதே ஆண்டில் மறுதயாரிப்பான 'லிலோ அன் ஸ்ரிச்' நூறு கோடி டொலரைத் தாண்ட, அதே நிறுவனத்தின் பிக்ஸார் எடுத்த புதிய கதையான 'எலியோ' தோற்றது. ஆக, குற்றத்தில் எமக்கும் பங்குண்டு. தெரிந்ததற்கே ரிக்கெட் வாங்குகிறவர்கள் நாங்கள்தாம்.

இதை ஒரு கிராமத்து வாத்தியார் ஏன் எழுத வேண்டும்? ஆண்டு எட்டுப் பிள்ளைகளிடம் சொந்தமாக ஒரு கதை எழுதச் சொன்னால், தொலைக்காட்சியில் பார்த்ததையே பெயர் மாற்றி எழுதித் தருகிறார்கள். அவர்களுடைய உம்மம்மாமாரிடம் கதைகள் இருக்கின்றன, கேட்பாரில்லை. பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர். கதை என்பது ஏற்கெனவே வெற்றிபெற்ற ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கம்பனி நிர்வாகியின் பயம் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பேனைக்குள் வந்து இறங்கியிருக்கிறது. எனக்குக் கவலை இதுதான்.

1994இன் 'சிங்க ராஜா'வை டிஸ்னிக்குள்ளேயே பலர் இரண்டாந்தரமாக எண்ணி, 'பொக்கஹொன்ரஸ்' படத்தில் வேலை செய்யவே விரும்பினார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. எவரும் பெரிதாக எதிர்பார்க்காத அந்தப் படம்தான் இன்றுவரை அவர்களுக்குச் சோறு போடுகிறது. இன்று மறுபடி எடுக்கப்படும் ஒவ்வொன்றும் என்றோ ஒருநாள் ஒருவர் துணிந்து செய்த புதுக்காரியம். எமது சஞ்சிகைகள் பெயர் தெரியாத ஒரு புதியவரின் முதற்கதைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கும்போது அந்தத் துணிச்சலைத்தான் செய்கின்றன. பங்குதாரர் இல்லாத எங்களுக்கு அதைச் செய்யாமல் விட ஒரு சாக்கும் இல்லை.