வரைபடத்தில் இல்லாத குரல்கள்

பிரிட்டனைச் சேர்ந்த கார்டன் சாப்மன்-ஃபாக்ஸ் தன் மின்னணு இசைக்கு வைத்துக்கொண்ட பெயர் அரசுக் கோப்பின் தலைப்புப் போல இருக்கும்: 'வாரிங்டன்-ரன்கார்ன் நியூ டவுன் டெவலப்மென்ட் பிளான்'. 2021இல் வந்த முதல் தொகுப்பு 'இன்டரிம் ரிப்போர்ட், மார்ச் 1979'. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சாதாரணக் குடும்பங்களுக்கு வீடும் சாலையும் பூங்காவும் அரசே கட்டித்தரும் என்று நம்பிய காலத்தை, பழைய சின்தசைசர்களின் சாயலில், பாடல் வரிகளே இல்லாமல் எழுப்புகிறார். மெதுவாக விரியும் சுரங்களுக்கு அடியில் ஒரு பதற்றம் ஓடிக்கொண்டே இருக்கிறது. தலைப்பிலுள்ள தேதிக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் மார்கரெட் தாட்சர் பிரதமரானார். அரசின் கடமை என்ற ஒன்று இருந்ததையும், அது கைவிடப்பட்டதையும் இவ்வளவு உணர்ச்சியோடு சொல்லும் இசை வேறு எனக்குத் தெரியாது.

ஆனாலும் இது வரைபடம் போட்டவரின் மேசையிலிருந்து எழும் இசை. அப்படி அரசு எழுப்பிய புதுநகரான ரன்கார்னில் ஜேம்ஸ் ஸ்டர்லிங் வடிவமைத்த சவுத்கேட் குடியிருப்பு 1977இல் முடிந்தது. வட்ட ஜன்னல்களுக்குப் பேர்போன அந்தக் கட்டடங்கள் 1990களின் தொடக்கத்திலேயே இடிக்கப்பட்டன. அங்கே குளிரில் வாழ்ந்து, வீட்டைச் சூடாக்கக் கட்டணம் கட்டியவர்களுக்குத் திட்டத்தின் தோல்வி வேறு மாதிரித் தெரிந்திருக்கும். அவர்கள் இந்த இசையில் இல்லை. பழைய ஆவணப்படங்களை நம்பும் இசைக்கும் இதே ஆபத்து உண்டு. அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலும் பேசுபவர் வர்ணனையாளர். நம் திரையரங்குகளில் ஓடிய ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஆனால் அத்தகைய படங்களின் குரல்களைக் கொண்டு இசைக்கும் பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் குழு 2017இல் 'எவ்ரி வேலி' தொகுப்பைச் செய்தபோது வேல்ஸின் எப் வேல் ஊருக்கே போய்ப் பதிவு செய்து, அங்குள்ள ஆண்கள் பாடகர் குழுவையும் பாடவைத்தது. வழி இருக்கிறது.

இந்தியாவில் இந்த ஏக்கத்தின் மறுபக்கத்தைக் காணலாம். 1969இல் அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலானோர் அதில் இசைத்த நாடாக்களை இசைக்கலைஞர் பால் பர்காஸ் கண்டெடுத்து 2023இல் வெளியிட்டார். ஜோஷிபுராவின் ஆக்கத்தின் பெயர் 'ஸ்பேஸ் லைனர் 2001'. இங்கே ஏக்கம் இல்லை, எதிர்பார்ப்புதான். பிரிட்டன் இன்று திரும்பிப் பார்த்து உருகும் எதிர்காலத்தை இவர்கள் முன்நோக்கிப் பார்த்தார்கள். என் காதுக்கு இவையே துணிச்சலானவை.

கொச்சியில் யாராவது இந்த வகை இசையை முயன்றால், அங்குள்ள மட்டாஞ்சேரியின் எதிர்க்கரையிலேயே பொருள் கிடைக்கும். 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் துறைமுகத் திட்டத்தில், காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பிய வில்லிங்டன் தீவு அது. தூர்வாரும் கப்பல், நேர்க்கோட்டுச் சாலைகள், கிரேன்கள்: சின்தசைசருக்கு இவை எளிதில் பொருந்தும், கேட்கவும் அழகாயிருக்கும். ஆனால் அதே துறைமுகத்தில்தான் 'சாப்பா' முறை இருந்தது. வேலை தேடி வந்த தொழிலாளர் கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை வீசுவார்கள். முட்டிமோதிப் பிடித்தவனுக்கே அன்றைய வேலை. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953இல் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் பேசுவது இதைத்தான். அந்த வில்லை தரையில் விழும் ஓசைக்கும், அதற்காக அடித்துக்கொண்ட மனிதர்களின் மூச்சுக்கும் இடம் தராத இசையை மட்டாஞ்சேரியின் இசை என்று நான் ஏற்கமாட்டேன்.