குப்புறக் கிடக்கும் பார்வை
‘தி பீச்’, மாயா விரிகுடா, தீவுச் சுற்றுலா: சில குறிப்புகள்

அலெக்ஸ் கார்லண்டின் ‘தி பீச்’ (1996) நாவலில் எல்லாம் ஒரு வரைபடத்திலிருந்து தொடங்குகிறது. பாங்காக்கின் காவ் சான் தெருவில் மலிவு விடுதியொன்றில் தங்கும் ஆங்கிலேய இளைஞன் ரிச்சர்டுக்கு, பக்கத்து அறைக்காரன் கையால் வரைந்த படம் ஒன்றை விட்டுவிட்டுச் செத்துப்போகிறான். சுற்றுலாக் கூட்டத்தின் கால்படாத தீவு ஒன்றுக்கு அது வழிகாட்டுகிறது. ரிச்சர்ட் போய்ச் சேர்கிறான். அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்த இளைஞர்களின் சிறு குடியிருப்பு. மீன்பிடிப்பு, தோட்டம், சோம்பல், பிறகு சந்தேகம், ரத்தம், சிதைவு. அந்தத் தீவில் தாய்லாந்துக்காரர்களும் இருக்கிறார்கள். துப்பாக்கியோடு கஞ்சாத் தோட்டத்தைக் காவல் காக்கிறவர்கள் அவர்கள். தீவுக்கு வெளியே வரும் தாய் மக்களோ அறை கொடுப்பவர்கள், சோறு போடுபவர்கள், விசாரிக்க வரும் போலீஸ். ஆக, சொந்த நாட்டில் நடக்கும் கதையில் அவர்களுக்குக் கிடைப்பவை இரண்டே வேடங்கள்: பணியாள், அல்லது அச்சுறுத்தல்.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும். நாவலே ஒரு எள்ளல்தானே, ‘நான் சுற்றுலாப் பயணி அல்ல, நான் பயணி’ என்று பீற்றிக்கொள்ளும் முதுகுப்பைக் கூட்டத்தைத்தானே அது கிண்டல் செய்கிறது என்பார்கள். உண்மைதான். சொர்க்கத்தைத் தேடிப் போனவர்களே சொர்க்கத்தைக் கெடுக்கிறார்கள் என்பதை நாவல் கூர்மையாகவே சொல்கிறது. ஆனால் யாருடைய சொர்க்கம் கெட்டது? பிரதியின் இழப்புக் கணக்கு முழுக்க அந்தக் குடியிருப்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. போனவர்கள் இழந்தார்கள். இருந்தவர்கள் என்ன இழந்தார்கள் என்ற கேள்விக்குப் பிரதியில் இடமே இல்லை. சுயவிமர்சனமும்கூடத் தங்களுக்குள் நடக்கும் உரையாடலாகவே தங்கிவிடுகிறது.

நாவலின் தீவு தாய்லாந்து வளைகுடாவில், ஆங் தாங் கடல் பூங்காவுக்குள் இருப்பதாகக் கற்பனை. டேனி பாயில் இயக்கிய படம் (2000) அதை எதிர்க்கரைக்கு, அந்தமான் கடலில் இருக்கும் பீ பீ லே தீவின் மாயா விரிகுடாவுக்குக் கொண்டுபோனது. 1983-இலிருந்து தேசியப் பூங்காவாக உள்ள பகுதி அது. படத்துக்காகக் கரையின் மணல்மேட்டைச் சமன்படுத்தினார்கள். அங்கே இயல்பாக வளர்ந்திருந்த செடிகொடிகளை அகற்றிவிட்டுத் தென்னைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். வெப்பமண்டலத் தீவு வெப்பமண்டலத் தீவுபோல இல்லை என்பதுதான் ஹாலிவுட்டின் குறை! நமக்குத் தென்னை என்றால் தேங்காய், கீற்று, கயிறு, வீட்டுக் கணக்கு. அங்கே அது வெறும் குறிப்பான். ‘இது சொர்க்கம்’ என்று எழுதி ஒட்டிய சீட்டு. இன்னொன்றும் செய்தார்கள். அசல் விரிகுடாவுக்குக் கடலைப் பார்த்த வாசல் ஒன்று உண்டு. கதைப்படி அது நாலாபக்கமும் மலை சூழ்ந்த ரகசியக் குளமாக இருக்கவேண்டும். எனவே கணினியால் மலையை வரைந்து அந்த வாசலை அடைத்தார்கள். எந்த வழியாகப் பரம்பரை பரம்பரையாகக் கடலோடிகள் வந்துபோயிருப்பார்களோ, அந்த வழியே திரையில் இல்லாமல் போயிற்று. அரசியல் வாசிப்பு என்று தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. படமே தன்னைச் சொல்லிவிடுகிறது.

இதை அங்கிருந்தவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கிராபி மாகாணத்து ஆவ் நாங் உள்ளூராட்சி அமைப்பு உள்ளிட்டோர் தயாரிப்பு நிறுவனத்தின்மீது மட்டுமல்ல, அனுமதி கொடுத்த தங்கள் அரசின் வனத்துறைமீதும் வழக்குத் தொடுத்தார்கள். படப்பிடிப்பு கரைக்குச் சேதம் விளைவித்தது என்ற தீர்ப்பை 2006-இல் தாய்லாந்து உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நாவலிலும் படத்திலும் பேச இடம் கிடைக்காதவர்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். ‘தி பீச்’ பற்றி எழுதுகிறவர்கள் இந்த வழக்கையும் அதன் தொடர்ச்சியான பிரதியாக வைத்துப் படிக்கவேண்டும்.

படம் வந்தபின் கூட்டம் வந்தது. ஒருகட்டத்தில் இருநூற்றைம்பது மீட்டர்கூடத் தேறாத அந்த மணல்துண்டில் நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர்வரை இறங்கினார்கள். ரிச்சர்டின் வரைபடம் பயண முகவரின் விலைப்பட்டியலாகிவிட்டது. நவம்பர் 2023-இல் இந்தியர்களுக்கு விசா விலக்கு வந்தபின், 2024-இல் மட்டும் சுமார் 21 லட்சம் இந்தியர்கள் தாய்லாந்துக்குப் போனார்கள். இனி ‘மேற்கத்தியப் பார்வை’ என்று அடுத்தவனைக் காட்டித் தப்பிக்க முடியாது. அந்தப் படகில் நாமும் இருக்கிறோம்.

குழுப்பயணம் என்பது ஒரு வடிவம். அதற்கென்று இலக்கணம் இருக்கிறது. காலையில் கையில் வண்ணப்பட்டை கட்டுவார்கள். பெயர் போய் நிறம் வரும்: நீலம் இந்தப் படகு, சிவப்பு அந்தப் படகு. இங்கே இருபது நிமிடம், அங்கே நாற்பது. நான் போன ஸ்பீட் போட்டில் முப்பது பேர். பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்டும், ரப்பர் வாடை அடிக்கும் கண்ணாடியும், வாயில் கடித்துக்கொள்ளும் குழாயும் கொடுத்து இறக்கிவிட்டார்கள். “அண்ணே, மீன் தெரியுதா?” “எங்கப்பா, கண்ணாடியெல்லாம் பனி மூடிக்கிச்சு, என் மூச்சுதான் தெரியுது.” மீன் உணவூட்டத் தடை உள்ள இடத்தில் ஒருவர் பாலித்தீன் பையிலிருந்து ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். மீன்கள் வந்தன. எல்லோரும் கத்தினோம்.

இந்த இன்பத்தைக் கேவலப்படுத்துவது என் நோக்கமில்லை. நீச்சல் தெரியாத ஒரு நடுவயது அம்மாள் முதல்முறையாகத் தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து சிரித்த சிரிப்பை எந்தக் கோட்பாட்டாலும் மறுக்க முடியாது. உடலுக்குள் நடந்த விடுதலை அது. கேள்வி வேறு. இந்த இன்பம் எப்படிப்பட்ட பார்வையைக் கட்டமைக்கிறது என்பதுதான்.

ரோலான் பார்த் 1957-இல் வந்த ‘தொன்மங்கள்’ நூலில் பயணக் கையேடு ஒன்றை வாசித்துக் காட்டுகிறார்: மலையும் தேவாலயமும் மிஞ்சுகின்றன, மனிதர்கள் ‘வகைமாதிரி’களாகச் சுருங்கிப்போகிறார்கள். ஜான் உர்ரி 1990-இல் சுற்றுலாப் பார்வையையே தனி நூலாக எழுதினார். பார்வை என்பது இயல்பானதல்ல, சமூகம் ஒழுங்குபடுத்தித் தருவது என்றார். ஸ்நார்க்கலிங் இதற்கு ஒருபடி மேலே போகிறது என்று நினைக்கிறேன். கரையில் நிற்கும் சுற்றுலாப் பயணி உள்ளூர்க்காரனை வகைமாதிரியாகவாவது பார்க்கிறான். அவன் திருப்பிப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாவது வரும். தண்ணீரில் குப்புறக் கிடப்பவனின் முதுகு மேலே உள்ள எல்லாவற்றுக்கும்: தீவுக்கு, படகுக்கு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவனுக்கு. மீன் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்காது. காதில் சொந்த மூச்சைத் தவிர வேறு சத்தம் இல்லை. காலனியப் பார்வை காலியான நிலத்தைக் கற்பனை செய்தது. இங்கே கற்பனைகூட வேண்டாம், கருவியே காலியாக்கிக் கொடுத்துவிடுகிறது.

கருவி என்றேன். தண்ணீருக்குள் நமக்கு ஏன் மங்கலாகத் தெரிகிறது? காற்றில் ஒளியை வளைக்கும் கண்ணின் முன்திரை நீரில் அந்த வேலையை ஏறக்குறைய இழந்துவிடுகிறது. கண்ணாடி செய்வது கண்முன்னே கொஞ்சம் காற்றை நிறுத்திவைப்பதுதான். அதே அந்தமான் கடலில், சுரின் தீவுகளில் வாழும் மோக்கென் என்னும் கடலோடி மக்களின் குழந்தைகள் கண்ணாடியில்லாமலே நீருக்குள் பார்க்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பியக் குழந்தைகளைவிட அவர்களுடைய நீரடிப் பார்வை இருமடங்கு கூர்மையானது என்று காட்டினார். கண்மணியைச் சுருக்கி, கண்வில்லையை முழுதாக வளைத்து அவர்கள் இதைச் செய்கிறார்கள். அப்புறம் நடந்த ஆய்வில் ஐரோப்பியக் குழந்தைகளும் பயிற்சியால் இதைக் கற்றுக்கொண்டார்கள். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் சொல்வதுதான் பத்திரிகைகளின் வழக்கம். ‘கடலின் பிள்ளைகள்’, ‘அதிசயக் கண்கள்’ என்று அவர்களை இயற்கையின் பக்கம் தள்ளிவிடுவது. அது பிறவி அதிசயம் அல்ல, உழைப்பு. சிப்பியும் கடலட்டையும் பொறுக்கிய உழைப்பு கண்ணில் ஏறியிருக்கிறது.

இன்னொரு குழாயும் அந்தக் கடலில் உண்டு. ‘சாவோ லே’ எனப்படும் கடல் மக்களில் பலர், உராக் லாவோய்களும் மோக்கென்களும், படகில் வைத்த கம்ப்ரஸரிலிருந்து நீண்ட பிளாஸ்டிக் குழாய்வழி காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்தில் இறங்கியவர்கள். மீனுக்கும் சிங்கிறாலுக்கும், சந்தைக்கு. ஆழத்தில் அதிகநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகிறது. மூட்டு போகும், இடுப்புக்குக் கீழே விளங்காமல் போகும், உயிரும் போகும். ஒரே கடல். ஒருவன் வாயில் இருக்கும் குழாய் நாற்பது நிமிட விளையாட்டு. இன்னொருவன் வாயில் இருப்பது பிழைப்பு. முதல் குழாயைப் பற்றி ஆயிரம் பயணக் கட்டுரைகள் உண்டு.

2018 ஜூனில் மாயா விரிகுடாவை மூடினார்கள். நாலு மாதம் என்று தொடங்கியது மூன்றரை ஆண்டாக நீண்டது. பவளங்களை மீண்டும் நட்டார்கள். துடுப்புநுனி கறுத்த சுறாக்கள் திரும்பிவந்தன. 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையத் தடை, பின்பக்கத்து லோ சமா விரிகுடாவில் இறங்கி நடந்து வரவேண்டும், நீந்தத் தடை, ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு. இது உண்மையான வெற்றி. சுறா திரும்பியதைச் சொல்லாடலாக மட்டும் பார்க்கிறவன் கடலைப் பார்க்காதவன். ஆனாலும் வெற்றியைச் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். மனிதர்கள் போனார்கள், இயற்கை மூச்சுவிட்டது. காலியான கரை, தெளிந்த நீர், சுறா. படம் விற்ற அதே பிம்பம்தான்! ‘மனிதர்கள்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஐயாயிரம் சுற்றுலாப் பயணிகளும் ஒரு உராக் லாவோய் மீனவனும் ஒரே எடையில் கிடக்கிறார்கள். 2010 ஜூனில் தாய்லாந்து அமைச்சரவை சாவோ லே மக்களின் வாழ்முறையை மீட்கத் தீர்மானம் போட்டது. ஆனால் 2016 ஜனவரியில் புக்கெட்டின் ராவாய் கரையில் நில உரிமை கோரிய ஒரு நிறுவனத்தின் ஆட்களுக்கும் அம்மக்களுக்கும் மோதல் நடந்து பலர் காயமடைந்தார்கள். சுறாவுக்குக் கரை திரும்பக் கிடைத்த வேகத்தில் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரம் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். பூங்கா வந்ததும் அவர்கள் ‘அத்துமீறுபவர்கள்’ ஆனார்கள். அபராதம், பறிமுதல், விரட்டல். அதே குருசடைத் தீவுக்கு இன்று சூழல்சுற்றுலாப் படகு போகிறது. முழுகிப் பார்ப்பவள் குற்றவாளி. மிதந்து பார்ப்பவர் விருந்தாளி.

“சரி தோழர், அப்ப போகவே கூடாதுங்கிறீங்களா?” என்று கேட்பீர்கள். 2019-இல் ஏறக்குறைய 4 கோடிப்பேர் வந்த தாய்லாந்துக்கு 2020-இல் 67 லட்சம்பேர் மட்டுமே வந்தார்கள். நட்டம் முதலில் விழுந்தது நாள்கூலி படகுக்காரன் தலையில்தான். போகாமல் இருப்பது நம் மனசாட்சிக்கு மருந்து, அவன் வயிற்றுக்கு அல்ல. சன்ஸ்கிரீன் பூசாமல் போவதும் (தாய்லாந்துப் பூங்காக்களில் பவளத்துக்குக் கேடான நாலு ரசாயனங்கள் கொண்டவற்றுக்கு 2021-இலிருந்து தடை) நல்லதே, ஆனால் அதுவே அரசியலாகிவிடாது. கடல் சூடேறினால் பவளம் தன்னுள் வாழும் பாசியை உமிழ்ந்து வெளுத்துப்போகிறது. 2024 ஏப்ரலில் உலகு தழுவிய நாலாவது வெளுப்பு என அறிவித்தார்களே, அதைக் கொண்டுவந்தது நீந்தப்போன அம்மாளின் களிம்பு அல்ல. எரிபொருளும் அதை எரித்துச் சம்பாதிக்கிறவர்களும்.

வேறுவிதமாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆன்டிகுவா தீவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் ‘எ ஸ்மால் பிளேஸ்’ (1988) நூலில் சுற்றுலாப் பயணியை முன்னிலையில் நிறுத்தி, ‘நீ’ என்று விளித்து, விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போகிறார். நீ குளிக்கும் அழகான தண்ணீரில் கழிவு எங்கே போய்ச் சேர்கிறது தெரியுமா என்று கேட்கிறார். உள்ளூர்க்காரனுக்கும் ஊரைவிட்டு எங்காவது போய் ஓய்வெடுக்க ஆசைதான், அவனிடம் காசு இல்லை, அவ்வளவே என்கிறார். கார்லண்டிடம் இல்லாதது இந்த ‘நீ’. அந்த ஒரு சொல்லில் பார்வையின் திசை மாறிவிடுகிறது. குப்புறக் கிடந்தவனைப் புரட்டி நிமிர்த்திப் போடுகிறது.

தமிழில் இப்போது தீவுப் பயண எழுத்து பெருகிவருகிறது. பவளத்தின் நிறம், நீரின் நிறம், சாப்பாட்டு விலை எல்லாம் வருகின்றன. எழுதுகிற நண்பர்களிடம் கேட்பது அதிகமில்லை. படகு யாருடையது, முகவருக்கு எவ்வளவு, ஓட்டியவருக்கு எவ்வளவு? கரையில் முன்பு யார் குடியிருந்தார்கள், எந்த அறிவிப்பால் வெளியேறினார்கள்? விடுதியின் சாக்கடை எங்கே கலக்கிறது? அடுத்த கட்டுரை அச்சுக்குப் போகுமுன் இவற்றில் ஒன்றுக்காவது பதில் இருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து மீன்களின் பெயர் இருந்து, கயிற்றைப் பிடித்து நின்றவரின் பெயர் இல்லையென்றால், கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை என்றுதான் அர்த்தம்.