எழும்பூரில் ஒரு வட்ட வானம்

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தின் வெண்ணிறக் கோபுரம் பழகிய காட்சிதான். பெரும்பாலோர் அதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஒருமுறை இறங்கி உள்ளே வாருங்கள்.

முன்மண்டபத்தில் நெடிய தூண்கள், அவற்றின் மேல் முக்கோண முகப்பு, அதற்கும் மேலே அடுக்கடுக்காய் ஒடுங்கி வானைத் தொடும் ஊசிக்கோபுரம். லண்டனில் டிரஃபால்கர் சதுக்கத்தருகே நிற்கும் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் சாயல் இது. அதைக் கட்டிய ஜேம்ஸ் கிப்ஸ், ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பிறந்தவர். அதற்காக அவர் முதலில் வரைந்தது வட்ட வடிவக் கோயில். செலவு மிகும் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். மனம் கேட்காமலோ என்னவோ, 1728-இல் வெளியிட்ட தம் நூலில் அந்த வரைபடத்தைச் சேர்த்துவைத்தார். அந்த வடிவத்தைத் தழுவி இங்கே எழுப்பியவர் மெட்ராஸ் படையின் பொறியாளர் தாமஸ் ஃபியாட் டி ஹாவிலாண்ட். 1818-இல் அடிக்கல், 1821-இல் திறப்பு. லண்டன் வேண்டாமென்ற வட்டம் எழும்பூருக்கு வாய்த்தது!

உள்ளே நுழைந்ததும் கண்கள் தாமாகவே மேலே போகும். நேர்த்தியான 16 தூண்கள் வட்டமாய் நின்று, 51½ அடி விட்டமுள்ள கவிமாடத்தைத் தாங்குகின்றன. மாடத்தின் உட்புறம் முழுக்க ஆழ்ந்த நீலம். அதில் பொன்னிற விண்மீன்கள். கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் அமாவாசை இரவைப் பார்த்துப் பழகிய எங்களை வரைந்த வானத்தால் மயக்குவது எளிதல்ல. இது மயக்கிவிடுகிறது. எங்கள் வானில் மீன்கள் நெருக்கியடித்து மின்னும். இங்கே ஒவ்வொன்றும் தனக்குரிய நீலத்தைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு நிதானமாய் ஒளிர்கிறது. அந்த இடைவெளியை விட்டுவைத்த கை பெரிய கை.

கழுத்து வலித்தால் தூண்களுக்கு இறங்கலாம். போதிகைகளில் விரியும் இலைச்சுருள்களைப் பாருங்கள்: நுனி மடங்கும் இடத்தில் எத்தனை மென்மை! இந்த வெண்மையெல்லாம் மெட்ராஸ் சுண்ணாம்பின் செல்வம். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, அரைத்துக் குழைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சங்கின் உட்புறம்போல் பளபளக்க வைக்கும் வித்தை அக்காலக் கொத்தனார்களுக்குக் கைவந்தது. வரைபடம் கடல்கடந்து வந்தது. அதற்கு மேனி கொடுத்தவை இந்த ஊரின் விரல்கள். அவர்களில் ஒருவர் பெயராவது வாசலில் இருந்திருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத அழகும் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் நீர் தேங்கும் ஈர நிலம் இது. இத்தனை பாரத்தை அது எப்படித் தாங்கும்? மண்ணுக்குள் கிணறு கிணறாய் இறக்கி, அவற்றின்மேல் அடித்தளம் அமைத்தார்கள். இளகிய மண்ணில் கட்டுவதற்கு நம் நாட்டார் கையாண்டுவந்த முறைதான். இருநூறு ஆண்டு மழை பார்த்தும் கோபுரம் நிமிர்ந்தே நிற்கிறது.

பிரம்பு பின்னிய இருக்கைகளையும் விட்டுவிடாதீர்கள். சென்னை வெயிலுக்கு முதுகில் காற்றுப்பட வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட தரையில் நடந்து, அந்த இருக்கைகளில் ஒன்றில் சாய்ந்து உட்காருங்கள். வழிபாடு இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் நல்லது. அண்ணாந்து பார்ப்பதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.